பியான்சே ஏன் கன்ட்ரி பாடினார்? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஜிம் ரீவ்ஸ் கேசட் தேயத் தேய ஓடும். அந்தப் பழக்கத்தில் கன்ட்ரி இசை மேல் எனக்கு ஏற்பட்ட பிடிப்பு இன்றுவரை விடவில்லை. அதனால் 2024 மார்ச்சில் பியான்சேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆல்பம் வந்தபோது, சித்தப்பா மகளிலிருந்து பக்கத்து மேசைக்காரர் வரை எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். 2025 பிப்ரவரியில் அது கிராமி விருதை வாங்கியதும் அதே கேள்விகள் மறுபடி வந்தன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கன்ட்ரின்னா என்ன? நம்ம ஊர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரியா?

பெயரைப் பார்த்து அப்படி நினைப்பது இயல்பு. வேர் ஒன்றுதான்: உழைக்கிற ஜனங்கள் வேலை முடிந்து கூடிப் பாடியது. ஆனால் நம் நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் கிடையாது, விற்பனைப் பட்டியலும் கிடையாது. கன்ட்ரி அப்படியில்லை. 1920களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலியும் சேர்ந்து அதை ஒரு தொழிலாக வளர்த்தன. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் அந்தத் தொழிலின் தலைநகர். ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற வானொலி நிகழ்ச்சி 1925இல் அங்கே தொடங்கி இன்றும் நடக்கிறது. அந்த மேடையில் ஏறிவிட்டால் ஒரு கன்ட்ரி பாடகருக்கு அங்கீகாரம் கிடைத்த மாதிரி.

காதுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்றால்: பாஞ்சோ, ஃபிடில், வழுக்கிக்கொண்டே அழுகிற பெடல் ஸ்டீல் கிட்டார், தென்மாநில உச்சரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கதை. குடி, பிரிவு, அம்மா, நெடுஞ்சாலை, கடன், கடவுள். மூன்று நான்கு சுருதிக்கட்டுக்குள் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

பியான்சே பாப் பாடகிதானே? எப்போ இதுக்குள்ள வந்தாங்க?

அவர் 1981இல் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்தவர். மாட்டுக் கண்காட்சியும் குதிரையேற்றப் போட்டியும் சேர்ந்த பெரிய ரோடியோ திருவிழா ஆண்டுதோறும் நடக்கும் ஊர் அது. டெஸ்டினிஸ் சைல்ட் குழுவோடும், 2004இல் தனியாகவும் அந்த ரோடியோ மேடையில் அவர் பாடியிருக்கிறார். எனவே தொப்பியும் பூட்ஸும் அவருக்கு 2024இல் வாங்கிப் போட்ட வேஷம் இல்லை. வளர்ந்த ஊரின் உடை.

2016இல் வந்த ‘லெமனேட்’ ஆல்பத்தில் ‘டாடி லெசன்ஸ்’ என்று ஒரு பாட்டு இருந்தது. அதுதான் வெளிப்படையான முதல் கன்ட்ரி முயற்சி. பிறகு 2024 பிப்ரவரி 11 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கையில் ஒரு விளம்பரத்தில் தோன்றி, புதுப் பாட்டு வருகிறது என்று சொன்னார். அன்று இரவே ‘டெக்சஸ் ஹோல்டெம்’, ‘சிக்ஸ்டீன் கேரேஜஸ்’ இரண்டும் வந்துவிட்டன. மார்ச் 29 அன்று 27 தடங்களுடன் முழு ஆல்பம்.

2016ல மேடையில அப்படி என்னதான் நடந்துச்சு?

நாஷ்வில்லில் ஆண்டுதோறும் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழா நடக்கும். சுருக்கமாக சிஎம்ஏ என்பார்கள். 2016 நவம்பர் 2 அன்று அதன் 50ஆவது விழா. பியான்சேயும், அப்போது டிக்சி சிக்ஸ் என்ற பெயரில் இருந்த பெண்கள் குழுவும் சேர்ந்து ‘டாடி லெசன்ஸ்’ பாடினார்கள். காணொளியைப் பார்த்தால் அரங்கில் பலர் எழுந்து ஆடுவது தெரியும். வெளியே நடந்தது வேறு. இவளுக்கு இங்கே என்ன வேலை என்று ரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது. அந்தப் பாட்டைக் கன்ட்ரிப் பிரிவில் சேர்க்கும்படி கிராமிக்கு அனுப்பியபோது, அங்கிருந்த கன்ட்ரிக் குழு அதை ஏற்க மறுத்துவிட்டதாகவும் அப்போது செய்தி வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிக்சி சிக்ஸும் அந்த உலகத்தால் ஒதுக்கப்பட்டவர்கள்தான். ஈராக் போருக்கு முன் 2003இல், அதிபர் புஷ்ஷைக் குறித்து லண்டன் மேடையில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் கன்ட்ரி வானொலி நிலையங்கள் அவர்கள் பாட்டை நிறுத்திவிட்டன. அன்று மேடையில் நின்ற இரண்டு தரப்புமே வாசலில் நிறுத்தப்பட்டவர்கள். எத்தனை முறை பார்த்தாலும் என்னை உலுக்குகிற காட்சி அது.

2024 மார்ச்சில் பியான்சே எழுதிய குறிப்பில், சில வருடங்களுக்கு முன் தன்னை வரவேற்காத ஓர் அனுபவத்திலிருந்துதான் இந்த ஆல்பம் பிறந்தது, ஐந்து வருடத்துக்கு மேல் உழைத்தேன் என்றார். இந்த விழாவை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. படித்தவர்களுக்குப் புரிந்தது.

அவங்களே “இது கன்ட்ரி ஆல்பம் இல்லை, பியான்சே ஆல்பம்”னு சொல்லிட்டாங்களே. அப்புறம் ஏன் கன்ட்ரிங்கிறீங்க?

அதே குறிப்பில் அப்படித்தான் எழுதினார். அதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: ‘உள்ளே விடுங்கள்’ என்று அனுமதி கேட்டு நிற்க அவர் விரும்பவில்லை. ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே விஷயம் இருக்கிறது. அலபாமாவில் சாராயம் காய்ச்சிய தாத்தாவின் பேத்தி, கால்வெஸ்டனில் சொந்தக்காரர்கள், லூசியானாவில் வேர் என்று பூர்வீகத்தைச் சொல்லிவிட்டு, ‘பட்டிக்காட்டுப் பேச்சு’ என்று முதலில் சொன்னார்கள், பிறகு ‘கன்ட்ரி போதவில்லை’ என்று தள்ளினார்கள் என்கிறார்.

இசையை மட்டும் பார்த்தால் 27 தடமும் கன்ட்ரி இல்லை. ஹிப்ஹாப் இருக்கிறது, தேவாலயப் பாட்டு இருக்கிறது, ராக் இருக்கிறது, ஆப்ரா பாணியில் ஒரு துண்டுகூட இருக்கிறது. ஆனால் டாலி பார்ட்டன், வில்லி நெல்சன் என்ற இரண்டு பெரிய கன்ட்ரிப் பெயர்கள் ஆல்பத்துக்குள் வந்து பேசுகிறார்கள். ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாட்டை எந்த மதுக்கடை நடனத் தளத்தில் போட்டாலும் ஜனங்கள் வரிசை கட்டி ஆடுவார்கள். அதைக் கன்ட்ரி இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கறுப்பின மக்களுக்கும் கன்ட்ரிக்கும் என்ன சம்பந்தம்? அது வெள்ளைக்காரங்க பாட்டுதானே?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். பாஞ்சோவிலிருந்து தொடங்குவோம். கன்ட்ரி என்றதும் மனதில் ஒலிக்கிற அந்தக் கருவி ஆப்பிரிக்க வழி வந்தது. செனகல், காம்பியா பகுதியில் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்யும் ‘அகோன்டிங்’ போன்ற வாத்தியங்கள் அதன் முன்னோர்கள். அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள் அந்த நினைவோடு கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அதை மீண்டும் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடத்திய கேலி நாடகங்கள் வழியாகத்தான் அது வெள்ளையர் வீடுகளுக்குள் பரவலாகப் போனது. ‘டெக்சஸ் ஹோல்டெம்’ தொடங்கும்போது கேட்கிற பாஞ்சோவை வாசித்திருப்பவர் ரியானன் கிடன்ஸ். இந்த வரலாற்றையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். அவரைத் தேர்ந்தெடுத்ததே ஒரு பதில்.

கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று கொண்டாடப்படும் கார்ட்டர் குடும்பம் 1927இல் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாகப் பதிவு செய்தது. அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பிறகு மலையூர்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது கூடவே போய் ராகங்களை மனதில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். கன்ட்ரியின் பெரும் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற தெருப்பாடகர், அவரும் கறுப்பினத்தவர். ஆப்ரி மேடையின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் ஹார்மோனிகா வாசித்த டிஃபோர்ட் பெய்லி. 1941இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கன்ட்ரியின் புகழரங்கமான கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 2005இல், அவர் இறந்து 23 வருடம் கழித்து.

பிறகு எப்படி அது வெள்ளையர் பாட்டானது? கடைக்காரர்கள் கோடு போட்டார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பின வாடிக்கையாளருக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, தென்மாநில வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ என்று தனித்தனி விற்பனைப் பட்டியல் அச்சிட்டன. ஒரே ஊரில் ஒரே நடன விருந்தில் இருவரும் ஒரே பாட்டை வாசித்திருந்தாலும், தட்டில் வரும்போது இரண்டு பெயர். 1949இல் பில்போர்டு பத்திரிகை ரேஸ் பட்டியலை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. ஹில்பில்லி வழியில் வந்தது ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆயிற்று. பெயர்தான் மாறியது, சுவர் அப்படியே நின்றது. மாட்டுக்காரர்களின் கதையும் இதே மாதிரிதான். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய கவ்பாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். திரையில் அவர்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதுக்கு முன்னாடி யாருமே பாப்லேர்ந்து கன்ட்ரிக்கு மாறினதில்லையா?

நிறையப் பேர். எனக்கு மிகவும் பிடித்தவர் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ். சோல் இசையின் உச்சத்தில் இருந்தபோது, 1962இல் ஒரு முழு ஆல்பம் நிறையக் கன்ட்ரிப் பாட்டுகளை வயலின் கூட்டத்தோடும் பெரிய பேண்டோடும் பாடினார். ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’ ஐந்து வாரம் அமெரிக்காவின் முதல் பாட்டாக இருந்தது. அதை எழுதிய டான் கிப்சன் கன்ட்ரிக்காரர், பாட்டு கன்ட்ரி, ஆல்பத்தின் பெயரிலேயே கன்ட்ரி இருக்கிறது. ஆனாலும் ரே சார்ல்ஸின் குரலில் அது கன்ட்ரிப் பட்டியலில் ஏறவில்லை. கன்ட்ரி ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2022இல்.

1974இல் பாயின்டர் சிஸ்டர்ஸ் குழு ஒரு கன்ட்ரிப் பாட்டைப் பாடி ஆப்ரி மேடை ஏறியது, அதற்குக் கிராமியும் வாங்கியது. அதே வருடம் டீனா டர்னர் கன்ட்ரி ஆல்பம் போட்டார். அதே 1974இல்தான் ஒலிவியா நியூட்டன்-ஜான் சிஎம்ஏவின் சிறந்த பாடகி விருதை வாங்கினார். அவர் வெள்ளையர். இருந்தும் பாப் பாடகிக்கு விருதா என்று நாஷ்வில் மூத்தவர்கள் கோபப்பட்டுத் தனிச்சங்கமே தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஜான் டென்வர் பெயர் விருதுக்கு வந்தபோது, அறிவிக்க வந்த சார்லி ரிச் மேடையிலேயே அந்த உறைக்குத் தீ வைத்தார். ஆகவே பாப்பிலிருந்து வருபவர்களைச் சந்தேகமாகப் பார்ப்பது பழைய வழக்கம். அதில் நிறமும் சேரும்போது சந்தேகம் இரட்டிப்பாகிறது.

வெற்றிகரமாக மாறியவர் என்றால் டாரியஸ் ரக்கர். ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் என்ற ராக் குழுவின் பாடகர். 2008இல் கன்ட்ரிக்கு வந்தார். எங்கள் நேயர்கள் கறுப்பினப் பாடகரை ஏற்பார்கள் என்று தோன்றவில்லை என ஒரு வானொலிக்காரர் முகத்துக்கு நேரே சொன்னதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்குப் போய்க் கைகுலுக்கிப் பாடிக் காட்டினார். அந்த முதல் பாட்டே கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம். 1983இல் சார்லி ப்ரைடுக்குப் பிறகு ஒரு கறுப்பினத் தனிப்பாடகருக்குக் கிடைத்த முதல் முதலிடம் அது. இடையில் 25 வருடம்.

ஆல்பத்துல ஒரு வயசான அம்மா பேசுறாங்களே, அவங்க யாரு?

லிண்டா மார்ட்டெல். தென் கரோலினாவில் 1941இல் பிறந்தவர். ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண், 1969இல். ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்ற பாட்டு கன்ட்ரிப் பட்டியலில் 22ஆம் இடம் வரை போனது. 1970இல் ஒரே ஓர் ஆல்பம். அவரை வெளியிட்ட கம்பெனியின் பெயர் ‘பிளான்டேஷன்’, அதாவது தோட்டம், அடிமைகள் வேலை செய்த இடத்தின் பெயர். நிகழ்ச்சிகளில் கூட்டத்திலிருந்து வசைச்சொற்கள் வரும், சிரித்தபடி பாட வேண்டும். சில வருடங்களிலேயே நாஷ்வில்லை விட்டுப் போனார். பின்னாளில் சொந்த மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியிருக்கிறார்.

பியான்சேயின் ஆல்பத்தில், இசைவகை என்பது வேடிக்கையான கருத்து, சொல்வதற்கு எளிது, சிலருக்கு அதற்குள் அடைபட்ட உணர்வு வரும் என்கிற பொருளில் அவர் பேசுகிறார். எண்பதைத் தாண்டிய குரல். அவர் பட்டதைத் தெரிந்துகொண்ட பிறகு இன்னொரு முறை அந்த இடத்தைக் கேளுங்கள்.

ரேடியோவுல போட மாட்டேன்னுட்டாங்களாமே? அப்புறம் எப்படி நம்பர் ஒன்?

ஓக்லஹோமாவில் அடா என்ற சின்ன ஊர். பாட்டு வந்த இரண்டாம் நாள் ஒரு நேயர் உள்ளூர்க் கன்ட்ரி நிலையத்திடம் அதைக் கேட்டார். இது கன்ட்ரி நிலையம், பியான்சே போடுவதில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதில் பரவியதும் மின்னஞ்சல்கள் குவிந்தன, நிலையமும் பாட்டைப் போட்டது. அவர் கன்ட்ரிப் பாட்டு வெளியிட்டதே தங்களுக்கு அப்போது தெரியாது என்றார் அதன் பொறுப்பாளர். அதை நான் நம்புகிறேன். ஒரு சிறிய நிலையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

முதலிட விஷயத்தில் பலர் குழம்புவதற்குக் காரணம், பில்போர்டில் இரண்டு கன்ட்ரிப் பட்டியல்கள் இருப்பதுதான். ‘ஹாட் கன்ட்ரி சாங்ஸ்’ என்பது இணையத்தில் கேட்பது, விற்பனை, எல்லா வகை வானொலியும் சேர்ந்த கணக்கு. ‘கன்ட்ரி ஏர்ப்ளே’ என்பது கன்ட்ரி நிலையங்கள் மட்டும் எத்தனை முறை ஒலிபரப்பின என்ற கணக்கு. முதல் பட்டியலில் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ வந்ததும் முதலிடம். அந்த இடத்தைப் பிடித்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். இரண்டாவது பட்டியலில் 33ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஜனங்கள் கேட்டார்கள், நிலையங்கள் அவ்வளவாகப் போடவில்லை. எல்லா இசைவகையும் சேர்ந்த ஹாட் 100 பட்டியலிலும் அதுவே முதலிடம். ஆல்பம் முதல் வாரத்தில் விற்பனையும் இணையக் கேட்பும் சேர்த்து 4,07,000 பிரதிக்கு இணையான கணக்கோடு நுழைந்தது. கன்ட்ரி ஆல்பப் பட்டியல் 1964இல் தொடங்கியது. 60 வருடத்தில் அதன் உச்சிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்ணும் இவர்.

சிஎம்ஏவுல ஒரு பரிந்துரைகூட இல்லை, கிராமியில ஆல்பம் ஆஃப் த இயர். யார் சொல்றது சரி?

இரண்டிலும் வாக்களிப்பவர்கள் வேறு. சிஎம்ஏவின் உறுப்பினர்கள் கன்ட்ரித் தொழிலில் இருப்பவர்கள்: பாடகர், தயாரிப்பாளர், வானொலிக்காரர், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். 2024 செப்டம்பரில் பட்டியல் வந்தபோது பியான்சே பெயர் எங்கும் இல்லை. அடுத்த மாதம் லூக் பிரையன் என்ற பிரபல பாடகர், எங்கள் குடும்பத்துக்குள் கொஞ்சம் வந்து பழகுங்கள் என்ற பொருளில் பேசினார். அதில் ஒரு நியாயம் உண்டு. நாஷ்வில் பழக்கத்தால் நடக்கிற ஊர். டாரியஸ் ரக்கர் செய்தது அதைத்தான். பியான்சே அந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் 2016இல் அவர் வந்து பழகினாரே, அப்போது என்ன கிடைத்தது என்பதையும் மேலே பார்த்தோம்.

கிராமியில் எல்லா வகை இசைக்காரரும் வாக்களிக்கிறார்கள். 2025 பிப்ரவரி 2 அன்று சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருது அறிவிக்கப்பட்டபோது பியான்சே முகத்தில் தெரிந்த திகைப்பு உலகம் முழுக்கப் படமாக ஓடியது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். இசைவகை என்பது சில சமயம் கலைஞர்களை அவரவர் இடத்திலேயே நிறுத்தி வைப்பதற்கான மறைசொல் என்று அங்கே சொன்னார். பிறகு ஆல்பம் ஆஃப் த இயர். அதை லிண்டா மார்ட்டெலுக்குச் சமர்ப்பித்தார். நான்கே மாதத்தில் கிராமி அந்தக் கன்ட்ரி ஆல்பப் பிரிவை மரபுக் கன்ட்ரி, சமகாலக் கன்ட்ரி என்று இரண்டாகப் பிரித்தது. முன்பே யோசித்து வைத்திருந்த மாற்றம் என்று அமைப்பு விளக்கியது. அந்த நேரத்தில் அது வந்தது பலரைப் போல எனக்கும் உறுத்தியது.

போஸ்ட் மலோன் ராப் பாடினவர். அவரை உடனே ஏத்துக்கிட்டாங்க. இதுக்குப் பேர் இனவெறிதானே?

ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளையரான போஸ்ட் மலோனின் கன்ட்ரி ஆல்பம் 2024 ஆகஸ்டில் வந்தது. அதே வருடம் சிஎம்ஏவில் நான்கு பரிந்துரை. அவர் நாஷ்வில்லிலேயே தங்கி, கன்ட்ரி நட்சத்திரங்களோடு ஜோடிப் பாட்டுகள் பாடினார், கன்ட்ரி வானொலிக்கு ஏற்ற வடிவில் எழுதினார். முந்தைய பதிலில் சொன்ன அந்தப் பழகும் வழி. கூடவே, ஷபூஸி என்ற கறுப்பினக் கலைஞருக்கும் அதே வருடம் சிஎம்ஏ பரிந்துரை கிடைத்தது. பியான்சே ஆல்பத்தில் பாடியவர் அவர். அவருடைய மதுக்கடைப் பாட்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்து சாதனையைச் சமன் செய்தது. எனவே கறுப்பினத்தவர் எவருக்கும் கதவு திறக்காது என்பது உண்மையில்லை.

ஆனால் பெண்கள்? கன்ட்ரி வானொலியில் பெண் குரல் நிறம் எதுவானாலும் குறைவு. 2015இல் ஒரு வானொலி ஆலோசகர், ஆண்கள்தான் கீரை, பெண்கள் சாலட்டில் போடும் தக்காளி மாதிரி என்று பகிரங்கமாகவே சொன்னார். கறுப்பினப் பெண்ணாக இருந்தால் இரண்டு பூட்டு. மிக்கி கைட்டன் வருடக்கணக்காக நாஷ்வில்லிலேயே இருந்து, அவர்கள் சொன்ன எல்லா வழியிலும் போய்ப் பார்த்தவர். கன்ட்ரிப் பிரிவில் தனிப்பாடலுக்குக் கிராமி பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். வானொலியில் அவருக்குப் பெரிய வெற்றி கிடைக்கவே இல்லை. பழகினால் போதும் என்பவர்கள் அவர் கதையைப் படிக்க வேண்டும்.

‘ஜோலீன்’ பாட்டோட வரிகளை மாத்திட்டாங்களே, அது தப்பில்லையா?

டாலி பார்ட்டனின் பாட்டில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் ‘என் புருஷனை எடுத்துக்கொள்ளாதே’ என்று கெஞ்சுகிறாள். பியான்சே அதை எச்சரிக்கையாக மாற்றினார். எனக்குப் பழைய கெஞ்சல்தான் பிடிக்கும். அந்தப் பாட்டின் உயிர் அவள் பலவீனத்தில் இருக்கிறது. ஆனால் எழுதிய டாலியே சம்மதித்து, முன்னால் வந்து பேசி அறிமுகப்படுத்தியிருக்கும்போது தப்பு என்று சொல்ல முடியாது.

‘பிளாக்பேர்ட்’ பாட்டை எடுத்தாண்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1960களின் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை நினைத்து எழுதியது என்று அதை எழுதிய பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். பியான்சேயோடு அதைப் பாடும் நால்வர் டேனர் அடெல், பிரிட்னி ஸ்பென்சர், டியரா கென்னடி, ரெய்னா ராபர்ட்ஸ். நால்வரும் கன்ட்ரியில் இடம் தேடிக்கொண்டிருக்கும் இளம் கறுப்பினப் பெண்கள்.

எல்லாம் பணத்துக்காகத்தானே? கன்ட்ரி இப்போ ஃபேஷன் ஆயிடுச்சு.

பணம் வந்தது, மறுக்கவில்லை. 2025இல் நடந்த 32 நிகழ்ச்சிச் சுற்றுப்பயணம் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் 2016இல் ‘டாடி லெசன்ஸ்’ வந்தபோது இந்த அலை இல்லை. ஐந்து வருட உழைப்பு என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஃபேஷன் பார்த்துத் தொடங்கியவர் இல்லை.

டெய்லர் ஸ்விஃப்ட் கன்ட்ரியிலேர்ந்து பாப்புக்குப் போனப்போ யாரும் சண்டை போடலையே?

கொஞ்சம் வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான். 2014இல் அவர் முழுக்கப் பாப் ஆல்பம் கொண்டுவந்தபோது பாப் உலகம் அடையாள அட்டை கேட்கவில்லை. பாப்பின் வாசலில் காவல் குறைவு, யார் விற்றாலும் உள்ளே விடும். கன்ட்ரி தன்னைக் குடும்பமாக, ஊராக நினைக்கிறது. ஊருக்குள் வருகிறவரை ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பது போல. அந்தக் கேள்வியில் பாசமும் இருக்கிறது. 2019இல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் பாட்டைப் போதிய கன்ட்ரி அம்சம் இல்லை என்று பில்போர்டு அதன் கன்ட்ரிப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, அதே கேள்விக்கு இன்னொரு முகமும் இருப்பது தெரிந்தது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கிறிஸ்துமஸ் தவறாமல் ஒலிக்கிற நம் ஜிம் ரீவ்ஸின் பாணியே ஒரு காலத்தில் சர்ச்சை. 1950களின் கடைசியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் குறைத்து, வயலின் கூட்டமும் மென்மையான கோரஸும் சேர்த்தார்கள். பாப் நேயரைப் பிடிக்கத்தான். அதைக் கன்ட்ரியே இல்லை என்றவர்கள் உண்டு. இன்று அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

இனிமே அவங்க கன்ட்ரிதானா?

இல்லை. இது மூன்று பாகத் திட்டத்தின் இரண்டாம் பாகம். 2022இல் வந்த முதல் பாகம் ‘ரினைசான்ஸ்’, ஹவுஸ் நடன இசை. சிகாகோவின் கறுப்பின கிளப்புகளில் பிறந்து, பிறகு வெள்ளை முகங்களால் அறியப்பட்ட இன்னொரு இசை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அவர் எதைத் தேடிப் போகிறார் என்பது தெரியும். ஆல்பத்தில் பல தலைப்புகளில் ஆங்கில ‘ஐ’ எழுத்து இரண்டு முறை வருவதும் இது இரண்டாம் பாகம் என்பதற்காகத்தான். அச்சுப்பிழை என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கன்ட்ரியே பழக்கமில்லை. எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கிறது?

முதலில் ‘சிக்ஸ்டீன் கேரேஜஸ்’. பதினைந்து வயதில் வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்பிய ஒரு பெண்ணின் கணக்கு அது. ராபர்ட் ராண்டால்ஃபின் பெடல் ஸ்டீல் பின்னால் உறுமுகிறது. பிறகு ‘டெக்சஸ் ஹோல்டெம்’, பாஞ்சோவுக்காக. மைலி சைரஸோடு பாடிய ‘டூ மோஸ்ட் வான்டட்’ மூன்றாவதாக. முழு ஆல்பத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள், 78 நிமிடம்.

அடுத்த நாள் ரே சார்ல்ஸின் 1962 ஆல்பம். அதற்கடுத்து சார்லி ப்ரைட். 1971இல் சிஎம்ஏவின் மிகப் பெரிய விருதை வாங்கியவர், முதல் பாட்டுகளை வானொலிக்கு அனுப்பியபோது புகைப்படம் இல்லாமல் அனுப்பினார்கள். கடைசியாக லிண்டா மார்ட்டெலின் அந்த ஒரே ஆல்பம். அதில் அவர் யோடலிங் செய்கிற ஒரு பாட்டு வரும், குரல் அடியிலிருந்து உச்சிக்குத் துள்ளித் துள்ளி ஏறும். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.